கென்யாவில் டிஜிட்டல் தொழில்நுட்பமும் இளைஞர் வேலைவாய்ப்பும்

வளரும் நாடுகளின் இளைஞர் வேலையின்மைக்கு டிஜிட்டல் தொழில்நுட்பம் தீர்வாக முன்வைக்கப்படுகிறது. அதன் எவ்வகைப் பயன்பாடு வேலையை உண்டாக்குகிறது என்பது பெரும்பாலும் வினவப்படுவதில்லை. இவ்வினாவை ஆராயக் கென்யா ஏற்ற களமாகும்.

2007 மார்ச்சில் சஃபாரிகாம் நிறுவனம் அங்கு எம்-பெசா என்னும் கைப்பேசிப் பணப்பரிமாற்றச் சேவையைத் தொடங்கியது. ('பெசா' என்னும் சுவாகிலிச் சொல் நாம் வழங்கும் 'பைசா'வுக்கு உறவானது.) ஊர்க் கடைக்காரரே இதன் முகவர். அவர் ரொக்கத்தைப் பெற்று வாடிக்கையாளர் கணக்கில் வரவு வைப்பார். பணம் சேர்ந்த ஊரில் மற்றொரு முகவர் அதை ரொக்கமாக்கித் தருவார். இச்சேவையால் ஏறத்தாழ 1,94,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து மீண்டன எனவும், 1,85,000 பெண்கள் வேளாண்மையை விட்டு வணிகத்தை முதன்மைத் தொழிலாகக் கொண்டனர் எனவும் தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் ஆகியோரின் 2016ஆம் ஆண்டு ஆய்வு மதிப்பிடுகிறது. இம்மாற்றத்திற்குக் கணினிப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை என்பது கருதத்தக்கது.

2009இல் கடலடி இணைய வடங்கள் மொம்பாசாவை அடைந்தன. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் இத்தகைய வடங்களின் வருகை வேலைவாய்ப்பை உயர்த்தியதையும், குறைந்த கல்வி பெற்றோரும் பயனடைந்ததையும் யோனாஸ் யோர்ட், யோனாஸ் போல்சன் ஆகியோர் 2019இல் நிறுவினர்.

கென்ய அரசு 2016இல் தொடங்கிய 'அஜிரா டிஜிட்டல்' திட்டத்தின் வழி வேறு. இளைஞர்களை இணையவழிப் பணிகளுக்குப் பயிற்றுவிப்பது அதன் நோக்கம். ஒலிப்பதிவை எழுத்தாக்கல், தரவுகளுக்குக் குறியிடல் போன்றவை அப்பணிகள். இவற்றுக்கான தளங்களில் நைரோபி இளைஞரும் மணிலா, டாக்கா இளைஞர்களும் ஒரே பணிக்குப் போட்டியிடுகின்றனர். முன்பணிகளுக்குப் பெற்ற மதிப்பீடே வாய்ப்பைத் தீர்மானிப்பதால், புதியவர் கூலியைக் குறைத்தே நுழைய வேண்டியுள்ளது. பயிற்சி, பணி தேடுவோரைப் பெருக்குகிறதேயன்றிப் பணிகளைப் பெருக்குவதில்லை. செயற்கை நுண்ணறிவுக்காக வன்முறை விவரணைகளைப் படித்துக் குறியிட்ட கென்யத் தொழிலாளர்கள் மணிக்கு 2 டாலருக்கும் குறைவாகப் பெற்றதை 2023 சனவரியில் டைம் இதழ் வெளிப்படுத்தியது.

எனவே, வழங்கிய சான்றிதழ்களின் எண்ணிக்கை இத்தகைய திட்டங்களுக்கு உரிய அளவுகோல் ஆகாது. பயிற்சிக்கு ஓராண்டின் பின் கிடைத்த வேலைநேரமும் கூலியுமே கணக்கிடப்பட வேண்டும். உள்நாட்டுத் தேவையிலிருந்து எழும் பணிகளுக்கும் முன்னுரிமை வேண்டும். நிலப் பதிவுகளுக்கான அர்திசாசா தளத்தைக் கென்யா 2021இல் தொடங்கியது. பழைய நிலப் பதிவேடுகளை உள்ளிடுவதற்கும் சரிபார்ப்பதற்கும் ஊர்ப்பெயர்களையும் உள்ளூர் வழக்குகளையும் அறிந்தவர்களே வேண்டும். மணிலாவிலிருந்து அப்பணிக்குப் போட்டி எழுவது அரிது.