சார்டின் என்பது எந்த மீன்?

ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் ‘சார்டின்’ என்னும் சொல்லைப் பலமுறை கண்டிருப்பார்கள். ‘ஒரு சிறு கடல்மீன்’ என்று அகராதி பொருள் கூறிவிடும். எந்த மீன் என்று மேலும் கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது.

மத்தியதரைக் கடலிலுள்ள சார்டினியாத் தீவின் பெயரோடு இச்சொல்லைத் தொடர்புபடுத்துவோர் பலர். இங்கிலாந்திலோ, வளர்ந்த மீனைப் ‘பில்சர்டு’ என்றும், அதே இனத்தின் இளமீனைச் ‘சார்டின்’ என்றும் வழங்கினர். மாவடு, மாங்காய், மாம்பழம் என்று நாம் பருவத்திற்கேற்பப் பெயர் சொல்வதைப் போன்றதே இது.

19-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டில் இம்மீனை எண்ணெயிலிட்டுத் தகர டப்பாவில் அடைக்கும் தொழில் பெருகியது. தலை நீக்கிய மீன்கள் சிறிதும் இடைவெளியின்றி அதில் அடுக்கப்பட்டிருக்கும். கூட்டம் நெரியும் வண்டியில் செல்வோரைச் ‘சார்டின்களைப் போல் அடைபட்டவர்கள்’ என்று கூறும் ஆங்கில வழக்கு இக்காட்சியிலிருந்தே பிறந்தது.

டப்பாத் தொழில் பரவியபோது பெயரும் உடன் பரவிற்று. வேறு கடல்களில் அகப்பட்ட ஒத்த மீன்களும் அப்பெயரையே பெற்றன. நாம் மத்தி என்றும் சாளை என்றும் அழைக்கும் மீனும் ஆங்கிலத்தில் ‘இந்திய எண்ணெய்ச் சார்டின்’ ஆயிற்று.

பெயர் ஒன்றுதானே, இதனால் என்ன கேடு என்று நீங்கள் கேட்கலாம். பெயரால் பிழைப்பே நின்றுபோவதும் உண்டு. ‘சார்டினா பில்கார்டஸ்’ என்னும் ஐரோப்பிய இனத்தை மட்டுமே சார்டின் என்று டப்பாவில் அடைத்து விற்கலாம் என 1989-ஆம் ஆண்டு ஐரோப்பியச் சமூகம் விதி வகுத்தது. பசிபிக் கடலில் ‘சார்டினாப்ஸ் சகாக்ஸ்’ என்னும் இனத்தைப் பிடித்து விற்ற பெரு நாட்டிற்கு அச்சந்தையில் அப்பெயர் மறுக்கப்பட்டது. வாங்குவோர் அறிந்த பெயரை இழந்த சரக்கு எப்படி விலைபோகும்?

பெரு நாடு 2001-இல் உலக வர்த்தக நிறுவனத்திடம் முறையிட்டது. நாடு, கடற்பகுதி, இனம் ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்த்து, ‘இன்ன சார்டின்’ என்று பிற இனங்களையும் குறிக்கலாம் எனச் சர்வதேச உணவுத்தர விதி கூறுவதை அது எடுத்துக்காட்டியது. அவ்வாறு குறித்தால் வாங்குவோர் ஏமாறமாட்டார் அல்லவா? 2002-இல் பெருவுக்குச் சாதகமாகவே தீர்ப்புக் கிடைத்தது. மறு ஆண்டில் ஐரோப்பிய விதியும் திருத்தப்பட்டது. விஞ்ஞானப் பெயரைச் சேர்த்துக் குறிப்பிட்டால் பிற இனங்களும் சார்டின் என விற்கப்படலாம் என்றாயிற்று.

விஞ்ஞானப் பெயரின் பயன் இங்கே விளங்கும். வழக்குப் பெயர் ஊருக்கு ஊர் மாறும்; ஒரே பெயர் பல மீன்களுக்கும் வழங்கும். நம் மத்தியைச் ‘சார்டினெல்லா லாங்கிசெப்ஸ்’ என்று கூறினாலோ, எந்நாட்டு அறிஞரும் ஐயமின்றி அதனை அறிந்துகொள்வர். ‘நீண்ட தலையுடையது’ என்பது அப்பெயரின் பிற்பகுதிக்குப் பொருள்.

ஆகவே, மாணவர்களே, ஆங்கில நூலில் சார்டின் என்று படித்தால் உடனே மத்தி என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். எந்தக் கடலின் மீன் என்று முதலில் கேளுங்கள். சொல்லின் பொருள் அகராதியில் மட்டும் இல்லை. அது வழங்கும் இடத்திலும் இருக்கிறது.