கண்ணால் கண்டதும் மனசுக்குப் பட்டதும்



'எங்கள் ஊர்' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தால் நம்மில் முக்கால்வாசிப் பேர் 'எங்கள் ஊர் மிகவும் அழகான ஊர்' என்றுதான் தொடங்குகிறோம். அதைப் படிக்கிற வெளியூர்க்காரருக்கு என்ன தெரியும்? எழுதினவருக்கு ஊர்மேல் பாசம் என்று மட்டும் தெரியும். 'மங்கலம்பேட்டை, விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகிற வழியில் இருக்கிறது' என்று எழுதினால் அவர் பஸ் ஏறி வந்தே சேர்ந்துவிடலாம்.

முதல் வாக்கியத்தை அகவயம் என்றும் இரண்டாவதைப் புறவயம் என்றும் சொல்கிறார்கள். பெயர்தான் பெரிசு, விஷயம் சின்னது. யார் போய்ப் பார்த்தாலும், எண்ணினாலும், அளந்தாலும் ஒரே பதில் வந்தால் அது புறவயம். ஆளுக்கு ஆள் மாறினால் அகவயம். விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மை ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். 'உயரம் 12 செ.மீ., வெள்ளை நிறம், அடியில் சின்ன ஓட்டை.' இதை ஸ்கேல் வைத்துச் சரி பார்க்கலாம். (சூளையில் வேகும்போது உள்ளே இருக்கிற காற்று வெளியேறத்தான் அந்த ஓட்டை.) 'கொள்ளை அழகு' என்பதை எந்த ஸ்கேல் வைத்துப் பார்ப்பது? என் தங்கச்சிக்கு அது கொள்ளை அழகு. எங்க அம்மாவுக்குத் தூசி துடைக்கிற வேலை.

அறிவியல் செய்முறையில் 'காண்பன', 'அறிவன' என்று தனித்தனியாகக் கட்டம் போடுகிறோமே, அதுவும் இதற்குத்தான். நீல லிட்மஸ் சிவப்பானது கண்டது. கரைசல் அமிலம் என்பது அதிலிருந்து நாம் எடுத்த முடிவு. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினால் மார்க் போகும்.

ஆனால் தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் கருத்து நமக்கே தெரியாமல் சின்னச் சின்னச் சொல்லில் உள்ளே நுழைந்துவிடும். 'கூட்டத்துக்கு 40 பேர் வந்தார்கள்', 'கூட்டத்துக்கு 40 பேர்தான் வந்தார்கள்', 'கூட்டத்துக்கு 40 பேர் வந்துவிட்டார்கள்'. மூன்றிலும் அதே நாற்பது பேர்தான். இரண்டாவதில் எழுதினவருக்கு ஏமாற்றம், மூன்றாவதில் ஆச்சரியம். அதேபோல 'எழுதினான்', 'எழுதித் தள்ளினான்', 'எழுதிக் கிழித்தான்'. பையன் ஒருத்தன்தான், பேப்பரும் ஒன்றுதான். கடைசியில் அவன் மானம் போய்விட்டது! இடைச்சொல்லும் துணைவினையும் இலக்கண வினாவுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு செய்தி நேர்மையாக இருக்கிறதா என்று பார்க்க, முதலில் 'தான்', 'கூட', 'மட்டும்', 'விட்டார்' எங்கெங்கே வருகிறது என்று பார்ப்பேன்.

நம் முன்னோர்கள் இந்த வித்தியாசத்தை அணியிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். தண்டியலங்காரத்தில் பொருளணிகளில் முதலில் வருவது தன்மையணி. உள்ளதை உள்ளபடி சொல்வது. இன்னொன்று தற்குறிப்பேற்ற அணி. இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றுவது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும்போது மதில்மேல் கொடி காற்றில் ஆடியது இயல்பு. 'வராதீர்கள்' என்று அது கை காட்டியதாகச் சொன்னது இளங்கோவடிகள் ஏற்றின குறிப்பு. ஏற்றியது என்று பெயரிலேயே சொல்லிவிடுவதால் அதில் ஏமாற்று இல்லை.

உரைநடையில் எனக்குப் பிடித்த உதாரணம் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக இருந்தவர். 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். தேதி, கிழமை, நேரம், வந்த கப்பல், யார் யாரைப் பார்த்தார்கள் என்று வரிசையாக வரும். அதே பக்கத்தில் அவர் கோபமும் வருத்தமும் வரும். 1748-ல் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தபோது நடந்ததையும் எழுதினார், தன் மனவேதனையையும் எழுதினார். துய்ப்ளேக்ஸின் மனைவியை அவருக்குப் பிடிக்காது. அந்த அம்மாவைப் பற்றி அவர் எழுதியதை வேறு சான்றுகளோடு ஒப்பிட்டுத்தான் ஏற்க வேண்டும் என்பது என் எண்ணம். அதற்காக அவர் குறித்த தேதிகளைத் தள்ளிவிட முடியாது.

இதனால் மனசுக்குப் பட்டதை எழுதவே கூடாது என்று அர்த்தம் இல்லை. தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. நம் மாவட்டத்தில் முந்திரி மரமும் பலா மரமும் ஏராளமாகச் சாய்ந்தன. இது செய்தி. 'பெத்த புள்ளையைப் பறிகொடுத்த மாதிரி இருந்துச்சு' என்று எங்க ஆயா சொல்வது செய்தி இல்லை. ஆனால் மரம் விழுந்தால் ஒரு வீட்டுக்கு என்ன ஆகும் என்பது எனக்கு அதில்தான் புரிந்தது. எது எது என்று தெரியும்படி எழுதினால் போதும். செய்தித்தாளில் தலையங்கத்தைத் தனி இடத்தில் போடுவது அதனால்தான்.

மனிதர்களைப் பற்றி எழுதும்போதுதான் இது ரொம்ப முக்கியம். எங்கள் வகுப்பில் ஒரு தோழி மார்ச் மாதம் 9 நாள் வரவில்லை. 'அவளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை' என்று சிலர் பேசினார்கள். நாங்கள் மூன்று பேர் அவளிடம் கேட்டு, கண்டதை மட்டும் ஒரு தாளில் எழுதினோம். வராத 9 நாளும் அம்மாவோடு முந்திரிக்கொட்டை பொறுக்கப் போயிருக்கிறாள். ராத்திரி பக்கத்து வீட்டு அக்காவிடம் கணக்குப் போட்டிருக்கிறாள். பரீட்சை ஒன்றைக்கூட விடவில்லை. கணக்கில் 71. 'அக்கறை இல்லை' என்பதை இந்தத் தாளில் எந்த வரிக்குப் பக்கத்தில் எழுதுவது என்று தேடினோம், இடம் கிடைக்கவில்லை.

அந்த 9 நாள் பாடத்தை ஆளுக்கு மூன்று நாளாகப் பிரித்து எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அறிவியலில் மட்டும் இன்னும் இரண்டு பாடம் பாக்கி. நோட்டு உள்ளவர்கள் எங்கள் பெஞ்சில் கொடுக்கவும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி