மேனிக் மைனர்: ஒரு கேசட்டில் 20 குகைகள்

மேத்யூ ஸ்மித் என்ற ஆங்கிலேய இளைஞர் பதின்ம வயதில் எழுதிய விளையாட்டு இது. 1983இல் பக்-பைட் நிறுவனம் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்காக வெளியிட்டது. அந்தக் கம்ப்யூட்டரின் அடுத்த வடிவத்தை உரிமம் பெற்று, 'டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்' என்ற பெயரில் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் 1980களின் பிற்பாதியில் இந்தியாவில் விற்றது. திரைக்கு வீட்டு டிவி போதும். விளையாட்டை ஏற்ற, பாட்டுக் கேட்கும் அதே டேப் ரிக்கார்டர். 48 கே நினைவகம் நிரம்பும்வரை, சில நிமிடங்கள் கீச்சொலியைக் கேட்டபடி காத்திருக்க வேண்டும்.

இடம், வலம், தாவல்: கட்டளை மூன்றுதான். சுரங்கத் தொழிலாளி வில்லி, மூச்சுக்காற்று தீர்வதற்குள் குகையில் மின்னும் சாவிகளை எல்லாம் எடுத்தால் வாசல் திறக்கும். தாவிய பிறகு திசை மாற்ற முடியாது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவர் வெட்டும் அச்சை வைக்கும் முன்பே தழும்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுவார். வெட்டியபின் திருத்த வழியில்லை. இங்கும் அப்படித்தான்.

இதில் பெரிய அதிசயம் இசை. ஒலிக்கென்று தனிச் சில்லு கிடையாது. வில்லியை நடக்கவைக்கும் அதே இசட்80 செயலி, இடையிடையே ஸ்பீக்கரையும் இயக்க வேண்டும். அப்படியும் நார்வே நாட்டு எட்வர்ட் கிரீக்கின் மெட்டு ஆட்டம் முழுக்க விடாமல் ஒலிக்கிறது. எழுதியவரின் வயதை நினைத்தால் இன்றும் வியப்புத்தான்.

விளையாடிப் பாருங்கள். முதல் குகையிலேயே கால் பட்டதும் நொறுங்கும் தளம் உண்டு, நிற்காமல் நகருங்கள்.