ஊர்க் கூடத்தில் கராத்தேயும் தாய் சியும்

கராத்தே, தாய் சி என்னும் இரு கலைகளின் பெயர்கள் இன்று நம் சிறுவர்களுக்கும் தெரியும். ஆயினும் திரைப்படத்தில் காணும் சண்டையே கராத்தே என்றும், முதியோர் பூங்காவில் மெல்லக் கையசைப்பதே தாய் சி என்றும் பலர் எண்ணுகின்றனர். இவ்விரண்டையும் ஒரே கூடத்தில், பள்ளிச் சிறுவர் முதல் எழுபது வயதினர் வரை பயிலும் ஊர்ப் பயிற்சிக்கூடங்கள் இப்போது பல நாடுகளில் உள்ளன. அவை எவ்வாறு நடைபெறுகின்றன, தறியிலும் வயலிலும் உழைப்பவர்க்கு அவற்றால் பயன் யாது, எங்கே எச்சரிக்கை வேண்டும் என்பவற்றை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

கூடமும் அதன் ஒழுங்கும்

ஜப்பானிய மொழியில் பயிற்சிக்கூடத்தை 'டோஜோ' என்பர். நெறிக்குரிய இடம் என்பது பொருள். புத்தர் ஞானம் பெற்ற இடத்தைச் சுட்டும் 'போதிமண்ட' என்ற வடசொல்லைச் சீனர் மொழிபெயர்த்த சொல்லே இவ்வாறு வழங்குகிறது. கராத்தேயின் தாயகமான ஒக்கினாவாத் தீவில் தெருவோரச் சிறு கூடங்கள் பல உள்ளன. ஆசிரியர் தம் வீட்டின் ஒரு பகுதியையே கூடமாக வைத்திருப்பதும் உண்டு. காலணியை வாயிலில் விடுவர். உள்ளே நுழைகையில் தலை தாழ்த்தி வணங்குவர். பயிற்சி முடிந்ததும் மாணவர்களே தரையைத் துடைப்பர். முன்னர்ச் சேர்ந்தவர் பின்னர்ச் சேர்ந்தவருக்குக் கற்றுக்கொடுப்பார். ஆகவே ஓர் ஆசிரியர் பலதரப்பட்ட வயதினரையும் நடத்த இயலுகிறது.

கராத்தே பள்ளிக்கு வந்த வரலாறு

ஒக்கினாவா 1879ஆம் ஆண்டு வரை ரியூக்கியூ என்னும் தனி அரசாக இருந்தது. வாழை நாரால் ஆடை நெய்யும் கைத்தொழிலுக்கும் அது பேர்போன நாடு. அங்குள்ள கிஜோக்கா ஊரின் வாழைநார்த் துணியை ஜப்பானிய அரசு 1974இல் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. சீனத்துடன் அத்தீவு கொண்டிருந்த வாணிபத் தொடர்பால் அங்குள்ள கைப்போர் முறைகள் வந்து உள்ளூர் முறைகளுடன் கலந்தன. அக்கலவையே கராத்தே ஆயிற்று.

நெடுங்காலம் இது ஒருசிலருக்கே மறைவாகக் கற்பிக்கப்பட்டது. இத்தோசு அங்கோ என்ற ஆசிரியர் 1901இல் இதனைத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலானார். பிள்ளைகளுக்கு ஏற்றவாறு எளிய ஐந்து அடவுத் தொடர்களை அவர் அமைத்தார். இத்தொடர்களைக் 'கத்தா' என்பர். நமது குத்துவரிசையில் வரிசை எடுத்து ஆடுவதை ஒத்தது. 1908இல் கல்வித்துறைக்கு எழுதிய பத்துக் கூறுகள் கொண்ட கடிதத்தில், இளமையிலிருந்து உடலை உறுதி செய்வதே இதன் பயன் என அவர் வலியுறுத்தினார். அவர் மாணவர் புனாக்கொசி கிச்சின் 1922இல் தோக்கியோவில் செய்துகாட்டிய பின் ஜப்பான் முழுவதும் கராத்தே பரவியது. 'சீனக் கை' என எழுதப்பட்டு வந்த பெயர், 1936இல் நாகா நகரில் ஆசிரியர்கள் கூடிப் பேசியதன்பின் 'வெறுங்கை' என்று நிலைபெற்றது.

தாய் சி

தாய் சி சீனத்தின் கெனான் மாநிலத்தில், சென் குடும்பத்தார் வாழ்ந்த சிற்றூரில் வளர்ந்த போர்க்கலை. 19ஆம் நூற்றாண்டில் யாங் லூச்சான் அதனைப் பீக்கிங் நகருக்குக் கொண்டுசென்றார். 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறையினர் பொதுமக்கள் பயில்வதற்காக 24 நிலைகள் கொண்ட சுருக்க முறையை வகுத்தனர். ஐந்தாறு நிமிடங்களில் அதனைச் செய்து முடிக்கலாம்.

இதன் நுட்பம் எளியது. முழங்காலைச் சிறிதே தளர்த்தி, உடலின் பாரம் முழுவதையும் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெதுவாக மாற்றுதல், இடுப்பைத் திருப்பும்போது முதுகு நிமிர்ந்திருத்தல், மூச்சு தடைப்படாதிருத்தல். மெதுவாகச் செய்வதால் கால் தசைகள் நெடுநேரம் பாரம் தாங்குகின்றன; தடுமாறினால் உடனே சமன் செய்யவும் உடல் பழகுகிறது.

இப்பயன் ஆராய்ச்சியாலும் காணப்பட்டது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 70 வயதைக் கடந்த 256 பேரை இரு பிரிவாக்கி, வாரம் மூன்று நாள் வீதம் ஆறு மாதம் பயிற்றினர். 2005இல் வெளியான முடிவின்படி, உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தோரிடையே 73 முறை விழுதல் நேர்ந்தது. தாய் சி பயின்றோரிடையே 38 முறையே நேர்ந்தது. முதுமையில் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் குடும்பம் படும் துன்பத்தை நாம் அறிவோம்.

யாருக்கு எது தகும்?

சிறுவருக்குக் கராத்தேயின் வரிசைகளும் விளையாட்டுடன் கூடிய பயிற்சியும் போதும். ஓடு உடைத்தல், தலையில் அடித்தல் ஆகியன வளரும் எலும்பிற்கு ஆகா.

நடுவயதினர் தம் தொழிலை எண்ணிப் பார்க்க வேண்டும். குழித்தறியில் முன்குனிந்து நெய்பவருக்கும், நாள் முழுதும் வளைந்து நாற்று நடுபவருக்கும், நிமிர்ந்து நிற்றலும் தோள் விரித்தலும் இடுப்பைத் திருப்புதலும் உடலுக்கு மாற்று அசைவுகளாகும். ஆனால் கராத்தேக்காரர் சிலர், வைக்கோற் கயிறு சுற்றிய பலகைக் கம்பத்தில் முட்டியால் குத்திப் பழகுவர். அற்ற இழையைப் பிணைக்கும் விரல்களே நெசவாளரின் முதல். அவ்விரல் வீங்கினால் தறி நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். ஆதலின் தறிக்காரர் இக்குத்துப் பயிற்சியையும், அடித்து மோதும் பயிற்சியையும் விலக்குதல் வேண்டும். கூடத்தில் இதனை வெளிப்படையாகச் சொல்வதில் வெட்கமில்லை.

முதியோர் தாய் சியைத் தொடங்கலாம். நிற்க இயலாதவர் நாற்காலியில் அமர்ந்து கையசைவுகளைச் செய்யலாம். முழங்கால் வலியோ இதய நோயோ உள்ளவர் மருத்துவரைக் கேட்ட பின்னரே சேர்தல் தகும்.

சேருமுன் கேட்க வேண்டியவை

நிறப் பட்டைகளால் தரம் பிரிக்கும் வழக்கம் ஜூடோவிலிருந்து கராத்தேக்கு வந்தது. ஊக்கம் தருவதற்கென ஏற்பட்ட இப்பட்டைகளே சிலவிடங்களில் பணம் ஈட்டும் வழியாயின. ஆகவே மாதக் கட்டணம் எவ்வளவு, தேர்வுக்கும் பட்டைக்கும் உடைக்கும் தனியே எவ்வளவு என்பதை எழுத்தில் பெறுக. ஆசிரியர் யாரிடம், எத்தனை ஆண்டு பயின்றார் என வினவுக. பிள்ளைகளின் பயிற்சியைப் பெற்றோர் பார்க்க இசையாத கூடத்தில் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டாம். முதலுதவிப் பெட்டி உள்ளதா என்பதையும் கண்ணால் காண்க.

சில மாதங்களில் தற்காப்பு வீரராக்கிவிடுவோம் என்னும் விளம்பரத்தையும், எல்லா நோயும் தீரும் என்னும் உறுதிமொழியையும் நம்ப வேண்டியதில்லை. நாள்தோறும் கால் மணி நேரம், ஆண்டுக்கணக்கில் செய்யும் பயிற்சியே பலன் தரும். தறியின் தேய்ந்த உறுப்பை மாற்றிக்கொள்ளலாம். அதனை இயக்கும் உடலுக்கு மாற்றுறுப்பு எளிதிற் கிட்டாது என்பதை அங்கத்தினர்கள் மனத்திற் கொள்வார்களாக.