மாட்டுண்ணியும் கூட்டு முயற்சியும்

நமது சங்க அங்கத்தினர்களில் தறியை நம்பி வாழ்வோரும் உளர். நிலத்தை நம்பி வாழ்வோரும் உளர். இரு சாராருக்கும் இடுக்கண் நேரத்தில் கைகொடுப்பது கொட்டிலில் நிற்கும் பசுவேயாகும். அப்பசுவின் காதோரத்திலும் மடியருகிலும் ஆமணக்கு விதை போல் ஒட்டிக் கொண்டிருக்கும் உண்ணியை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். உண்ணி இல்லாத மாடு உண்டா என்று அலட்சியமாகவும் இருந்து விடுகிறோம். அந்த அலட்சியத்தின் விலை சில வேளைகளில் பசுவின் உயிராகவே முடிகிறது.

உண்ணி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. சிலந்திக்கும் தேளுக்கும் உறவானது. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு ஆறு கால்களே. இதன் முதுகில் கடினமான ஓடு ஒன்று உண்டு. ஆணுக்கு அது முதுகு முழுவதையும் மூடியிருக்கும். பெண்ணுக்கோ முன்பகுதியில் மட்டுமே. ஆகையால்தான் பெண் உண்ணி இரத்தம் குடித்துப் பன்மடங்கு பருக்க முடிகிறது.

மாட்டுண்ணி ஏறத்தாழ மூன்று வாரம் ஒரே மாட்டின் மீது தங்கி வளரும். வயிறு நிறைந்த பெண் உண்ணி தரையில் விழுந்து, ஈராயிரம் மூவாயிரம் முட்டைகளை இட்டு மடியும். குஞ்சுகள் புல் நுனியில் ஏறி முன்னங்கால்களை நீட்டிக் காத்திருக்கும். அக்கால்களிலுள்ள நுண்ணுறுப்பு மாட்டின் மூச்சையும் வெப்பத்தையும் உணர்த்த, அருகில் வந்த மாட்டைப் பற்றிக் கொள்ளும்.

இரத்த நஷ்டத்தினும் பெரிய கேடு, உண்ணியின் உமிழ்நீரோடு புகும் கிருமிகளே. பெபீசியா என்னும் கிருமி இரத்தத்தின் சிவப்பணுக்களை அழிக்கும். கடுங்காய்ச்சலுடன் சிறுநீர் செந்நிறமாகும். தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுகளுக்கும் இக்கிருமி செல்லும். கொட்டிலின் சுவர் வெடிப்புகளில் ஒளியும் வேறோர் இன உண்ணி தைலேரியா நோயைப் பரப்பும். கலப்பினப் பசுக்களை இது கடுமையாகத் தாக்கும். மனிதரும் தப்புவதில்லை. 1957ஆம் ஆண்டில் மைசூர் இராஜ்யத்தின் சிமோகா மாவட்டத்தில் குரங்குகள் மடிய, காட்டையடுத்து வாழ்ந்தோரும் நோயுற்றனர். கியாசனூர் காட்டு நோய் எனப்படும் அதனைப் பரப்புவதும் உண்ணியே.

ஐக்கிய அமெரிக்காவில் முன்னாளில் டெக்ஸாஸிலிருந்து வந்த மந்தைகள் நலமாகவே தோன்றின. ஆயினும் அவை சென்ற வழியிலிருந்த வடநாட்டு மாடுகள் மடிந்தன. தியோபால்டு ஸ்மித்தும் கில்போர்னும் தென்னாட்டு மாடுகளின் உண்ணிகளை அகற்றிவிட்டு அவற்றை வடநாட்டு மாடுகளுடன் விட்டனர், நோய் வரவில்லை. உண்ணிகளை மட்டும் நிலத்தில் பரப்பினர், நோய் வந்தது. இம்முடிவுகள் 1893இல் வெளியாயின.

1906இல் அந்நாட்டில் உண்ணி ஒழிப்பு தொடங்கிற்று. மாடுகளை இரு வாரத்துக்கொரு முறை மருந்துத் தொட்டியில் முழுக்காட்டினர். மூன்று வாரம் தங்கும் உண்ணி முட்டையிட இறங்குமுன் மாள வேண்டும் என்பதே இதன் கருத்து. செலவுக்கு அஞ்சிய சிலர் தொட்டிகளை வெடி வைத்துத் தகர்த்தனர். எனினும் 1943க்குள் மெக்ஸிகோ எல்லையோரம் நீங்கலாக நாடெங்கும் அவ்வுண்ணி ஒழிந்தது.

நாம் செய்யத்தக்கவை எளியவை. காது, அலைதாடி, மடி, வாலடி ஆகிய இடங்களை அன்றாடம் தடவிப் பாருங்கள். உண்ணியை விரலால் நசுக்காமல், தோலையொட்டி இடுக்கியால் பற்றி மெல்ல இழுத்து மண்ணெண்ணெயில் இடுங்கள். சுவர் வெடிப்புகளைப் பூசுங்கள். சந்தையில் வாங்கிய மாட்டைச் சில நாள் தனியே கட்டுங்கள். மருந்தையும் அதன் அளவையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். ஒரே மருந்தைப் பல்லாண்டு பயன்படுத்தினால் உண்ணி அதற்கு அடங்காததாகிவிடும்.

இவற்றை ஒருவர் மட்டும் செய்தால் பயன் சிறிதே. பத்து வீட்டார் மருந்திட்டு, பதினோராவது வீட்டு மாடு உண்ணியோடு மேயச் சென்றால், மேய்ச்சல் நிலம் மீண்டும் உண்ணிக் காடாகும். ஊரார் ஒரே நாளில் மருந்திட ஏற்பாடு செய்தல் சங்கங்களுக்கு ஏற்ற பணியாகும். மேய்ச்சல் நிலம் பொதுவானால் உண்ணியும் பொதுவே. அதனை ஒழிக்கும் முயற்சியும் பொதுவாதல் வேண்டும்.