கம்பிக்குள் ஊர் – 9: ஒரே கம்ப வரிசையில் இரண்டு கேபிள்

இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே ஒரு கேபிள் போதவில்லை என்றால் இன்னொன்றைச் செருகிவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செருகினால் தகவல் வட்டமடித்தே வலையை முடக்கிவிடும். அதைத் தடுக்க ரேடியா பெர்ல்மன் 1985-இல் வகுத்த ஸ்பேனிங் ட்ரீ முறை, இரண்டாவது வழியை அடைத்து வைக்கும். காசு போட்டு வாங்கிய கேபிள் சும்மா கிடக்கும். இதற்கு மாற்றாக, பல போர்ட்டுகளைக் கட்டாகக் கட்டி, ஒரே வழியாக நடத்தும் ஏற்பாடு 2000-இல் 802.3ஏடி என்ற பெயரில் பொதுத் தரமானது. வேகமும் கூடும், ஒன்று அறுந்தால் மற்றது தாங்கும் என்றுதான் இதை விற்கிறார்கள். இரண்டுமே பாதி உண்மை.

முதலில் வேகம். நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் தண்ணீர் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு எனப் பிரிகிறது. தண்ணீருக்கு வரிசை கிடையாது; தகவலுக்கு உண்டு. முன்னும் பின்னுமாகப் போய்ச் சேர்ந்தால் குழப்பம். அதனால் சுவிட்சானது அனுப்புபவர், பெறுபவர் முகவரிகளை வைத்துக் கணக்குப் போட்டு, ஓர் உரையாடல் முழுவதையும் ஒரே கேபிளில் விடுகிறது. ஒரு கிகாபிட் போர்ட்டுகள் நான்கைக் கட்டினாலும், ஒரே ஒரு பெரிய கோப்பை அனுப்பும்போது ஒரு கிகாபிட்டுக்கு மேல் கிடைக்காது. நூறு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இடத்தில்தான் கட்டின் பலன் தெரியும். அப்படியானால் பத்து கிகாபிட் கேபிள் ஒன்றே போதுமே என்பார்கள். வேகம் மட்டுமே தேவையென்றால் அதுதான் சரி. ஆனால் அது அறுந்தால் மிச்சம் எதுவும் இல்லை.

அறுவதைப் பற்றித்தான் நாம் குறைவாக யோசிக்கிறோம். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே ஃபிளாக், சீ-மீ-வீ 4 ஆகிய இரண்டு கடலடிக் கேபிள்களும் அறுந்தன. வேறு வேறு நிறுவனங்களின் கேபிள்கள்தான்; ஆனாலும் ஒரே கடற்பரப்பைக் கடந்தன. இந்தியாவிலும் வளைகுடாவிலும் இணையம் தள்ளாடியது. பிள்ளைகளை வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பியிருக்கும் கூத்தாநல்லூர் போன்ற ஊருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. கடலில் மட்டுமல்ல, தரையிலும் இதே கதைதான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது காவிரி டெல்டாவில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. ஒரே கம்ப வரிசையில் தொங்கும் இரண்டு கேபிள், புயலுக்கு ஒரே கேபிள்தான். இரண்டும் ஒரே சுவிட்சில், ஒரே யுபிஎஸ்ஸில் முடிந்தால் புயல்கூட வேண்டாம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. கேபிள் முழுதாக அறுந்தால் கட்டு உடனே சுதாரிக்கும். விளக்கு எரிந்துகொண்டே தகவல் மட்டும் போகாமல் நின்றால், கட்டை நிர்வகிக்கும் எல்ஏசிபி என்ற நெறிமுறை நலம் விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மெதுவான அமைப்பில் அந்த விசாரிப்பு 30 நொடிக்கு ஒருமுறை. 90 நொடி பதில் இல்லாவிட்டால்தான் அந்த போர்ட்டை விலக்கும். வேகமான அமைப்பில் 3 நொடி போதும்.

சிறிய கடைக்கும் பள்ளிக்கும் இரண்டு தனிப் பாதையில் கேபிள் இழுக்கக் காசு ஏது என்பது நியாயமான கேள்வி. அவர்கள் போர்ட்டுகளைக் கட்டுவதையே விட்டுவிட்டு, செல்பேசி வழி இணைப்பு ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளலாம். அந்தச் செல்பேசிக் கோபுரத்துக்கு வரும் பைபரும் அதே கம்ப வரிசையில்தான் வருகிறதா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.