மஞ்சப்பை

மஞ்சப்பை அல்லது மஞ்சள் பை என்பது பருத்தித் துணியால் தைக்கப்பட்டு, மஞ்சள் நிறம் ஏற்றப்பட்ட, இரண்டு கைப்பிடிகளைக் கொண்ட பை ஆகும். தமிழ்நாட்டில் கடைக்குச் செல்லவும், பயணத்தின்போது துணிமணிகளை எடுத்துச் செல்லவும், திருமணங்களில் தாம்பூலம் வழங்கவும் இது நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றது. நெகிழிப் பைகளின் வரவால் வழக்கிழந்து வந்த இப்பை, 2019 இல் நடைமுறைக்கு வந்த நெகிழித் தடையையும் 2021 இல் தொடங்கப்பட்ட "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தையும் அடுத்து மறுபடியும் கவனம் பெற்றது. துணியால் ஆனது என்பதனால் மட்டும் இப்பை சூழலுக்கு நன்மை செய்துவிடுவதில்லை. ஒரே பை எத்தனை முறை பயன்படுத்தப்படுகின்றது என்பதைப் பொறுத்தே அதன் நன்மை அமைகின்றது.

பெயரும் அமைப்பும்

"மஞ்சள் பை" என்னும் தொடர் பேச்சு வழக்கில் "மஞ்சப்பை" என மருவியது. பொதுவாக வெளுக்கப்படாத காடாத்துணிக்கு மஞ்சள் சாயமிட்டு இது தைக்கப்படுகின்றது. தமிழர் வழக்கில் மஞ்சள் மங்கல நிறமாகக் கருதப்படுவதால் திருமண வீடுகளில் வழங்கப்படும் தாம்பூலப் பைக்கும் இந்நிறமே பெரிதும் விரும்பப்பட்டது. தேங்காய், வெற்றிலை, பாக்கு ஆகியவற்றை இட்டுக் கொடுக்கும் இப்பையின் மேல் மணமக்களின் பெயரும் திருமண நாளும் அச்சிடப்பட்டிருக்கும். துணிக்கடைகளும் நகைக்கடைகளும் தம் பெயரை அச்சிட்டு வாடிக்கையாளர்களுக்கு இத்தகைய பைகளை வழங்கின. இவ்வாறு விலையின்றி வீட்டுக்கு வந்த பை, பல ஆண்டுகள் காய்கறி வாங்கவும், குடும்ப அட்டைப் பொருட்கள் வாங்கவும், நிலப் பத்திரங்களைப் பாதுகாக்கவும் பயன்பட்டது.

வழக்கும் வீழ்ச்சியும்

கைப்பிடியும் பையும் ஒரே தாளாக அமைந்த இன்றைய நெகிழிப் பையை சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்டாஃப் துலின் வடிவமைத்தார். செல்லோபிளாஸ்ட் நிறுவனம் 1965 இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. துலின் தம் சட்டைப் பையில் ஒரு நெகிழிப் பையை மடித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார் என்றும், ஒருமுறை பயன்படுத்தி எறிவது அவர் எண்ணமன்று என்றும் அவருடைய மகன் பின்னாளில் கூறியுள்ளார்.

தமிழ்நாட்டில் 1990களில் நெகிழிப் பைகள் சிற்றூர்க் கடைகள் வரை பரவின. கடைக்காரரே பை தருவதால் வீட்டிலிருந்து பை எடுத்துச் செல்லும் பழக்கம் குறைந்தது. அதே காலத்தில் மஞ்சப்பை நாட்டுப்புறத்தாரின் அடையாளமாக நகரங்களில் கேலி செய்யப்பட்டது. ஊரிலிருந்து சென்னைக்கு வந்து இறங்கும் அப்பாவி மனிதரின் கையில் மஞ்சப்பையைக் கொடுப்பது திரைப்படங்களில் வழக்கமான காட்சியாகவும் ஆனது. ஆகவே இப்பை மறைந்ததற்கு நெகிழிப் பையின் விலைக்குறைவோடு வெட்க உணர்வும் ஒரு காரணம் எனலாம்.

நெகிழித் தடை

மெல்லிய நெகிழிப் பைகள் வடிகால்களை அடைத்து வெள்ளத்தை மிகுவிப்பதைக் கண்ட வங்காளதேசம் 2002 இல் அவற்றைத் தடை செய்தது. இவ்வாறு தடை செய்த முதல் நாடு அதுவே. அதே ஆண்டில் அயர்லாந்து ஒவ்வொரு பைக்கும் 15 சென்ட் வரி விதித்தது. அங்கு நெகிழிப் பைகளின் பயன்பாடு ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்தது.

தமிழ்நாட்டில் நீலகிரி மாவட்டம் இதற்கு முன்னோடியாகும். 2000 ஆம் ஆண்டையொட்டி அங்கு மாவட்ட ஆட்சியராக இருந்த சுப்ரியா சாகு நெகிழிப் பொருட்களுக்கு எதிரான இயக்கத்தை முன்னெடுத்தார். மாநிலம் முழுமைக்குமான தடை 2018 சூன் 5 அன்று சட்டப்பேரவையில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமியால் அறிவிக்கப்பட்டது. அதற்கான அரசாணை 2018 சூன் 25 அன்று வெளியிடப்பட்டு, 2019 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எந்தத் தடிமனிலும் உள்ள நெகிழிக் கைப்பைகள், நெகிழிக் குவளைகள், உறிஞ்சுகுழல்கள், உணவு பொதியும் தாள்கள், தண்ணீர் பாக்கெட்டுகள் உள்ளிட்ட 14 வகைப் பொருட்கள் இதில் அடங்கும்.

இந்திய அரசு 2021 செப்டம்பர் 30 முதல் நெகிழிக் கைப்பைகளின் குறைந்த அளவுத் தடிமனை 75 மைக்ரான் எனவும், 2022 திசம்பர் 31 முதல் 120 மைக்ரான் எனவும் உயர்த்தியது. தடிமனான பை மீண்டும் பயன்படுத்தத் தக்கது என்பது இவ்விதியின் அடிப்படை. தமிழ்நாட்டின் தடை தடிமனைக் கணக்கில் கொள்ளாததால் இதைவிடக் கடுமையானது.

மீண்டும் மஞ்சப்பை

தடையால் ஒரு பொருளை விலக்க முடியுமே தவிர, அதன் இடத்தை நிரப்ப முடியாது. எனவே மாற்றுப் பொருளை முன்னிறுத்தும் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தை 2021 திசம்பர் 23 அன்று சென்னைக் கலைவாணர் அரங்கில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். கேலிக்குரியதாக இருந்த ஒரு பெயரையே இயக்கத்தின் பெயராக வைத்தது குறிப்பிடத்தக்கது. 2022 சூன் மாதத்தில் சென்னை கோயம்பேடு சந்தையில் தானியங்கி இயந்திரம் ஒன்று நிறுவப்பட்டது. பத்து ரூபாய் செலுத்தினால் இவ்வியந்திரம் ஒரு பையை வழங்கும். இத்தகைய இயந்திரங்கள் பின்னர் பிற ஊர்களிலும் வைக்கப்பட்டன. நெகிழியைத் தவிர்க்கும் பள்ளிகள், கல்லூரிகள், வணிக வளாகங்கள் ஆகியவற்றுக்கு மஞ்சப்பை விருதுகளும் அறிவிக்கப்பட்டன.

எத்தனை முறை பயன்படுத்த வேண்டும்?

பருத்தியைப் பயிரிட நீர், உரம், பூச்சிக்கொல்லி ஆகியவை தேவைப்படுகின்றன. நூற்றல், நெய்தல், சாயமிடல் ஆகியவற்றுக்கும் ஆற்றல் செலவாகின்றது. ஆகவே ஒரு துணிப்பையைச் செய்வதால் உண்டாகும் சூழல் சுமை, ஒரு மெல்லிய நெகிழிப் பையைச் செய்வதால் உண்டாவதைவிடப் பன்மடங்கு மிகுதியாகும்.

பிரித்தானியச் சூழல் முகமை 2011 இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதலைக் கருதினால் ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்திய பின்னரே அது மெல்லிய நெகிழிப் பையைவிட மேலானதாகும். டென்மார்க்கின் சூழல் பாதுகாப்பு முகமை 2018 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வெண்ணை 52 எனக் கணித்தது. அங்காடிகளில் விற்கப்படும் சற்றுத் தடித்த நெகிழிப் பையோடு ஒப்பிட்டதனாலேயே எண் குறைந்தது. ஓசோன் படலச் சிதைவு உள்ளிட்ட எல்லாக் கூறுகளையும் சேர்த்தால் 7100 முறை பயன்படுத்த வேண்டும் என்றும் அவ்வாய்வு கூறியது. நாள்தோறும் பயன்படுத்தினாலும் இதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகும்.

இவ்வெண்களைத் தமிழ்நாட்டுக்கு அப்படியே பொருத்த இயலாது. பையின் எடை குறையக் குறைய அதற்கான எண்ணும் குறையும். மேலும், குப்பை முறையாகத் திரட்டப்படும் நாட்டுக்காகச் செய்யப்பட்ட டென்மார்க் ஆய்வு, தெருவிலும் நீர்நிலையிலும் எறியப்படும் பைகளின் தீங்கைக் கணக்கிடவில்லை. மாட்டின் வயிற்றில் சேரும் பையும், மதகை அடைக்கும் பையும் அக்கணக்கில் இல்லை. ஆயினும் ஒரு முடிவு எங்கும் பொருந்தும். வாரம் மூன்று முறை கடைக்குச் செல்லும் குடும்பம் ஒரே பையை எடுத்துச் சென்றால் 131 என்னும் எண்ணைப் பத்து மாதங்களில் எட்டிவிடும். இருபது பைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் அதே எண்ணை எட்ட பதினாறு ஆண்டுகளுக்கு மேலாகும். அதற்குள் துணி இற்றுப்போகும்.

அழகிய துணிப்பைகளை வாங்கிக் குவிப்பதும் இதனால் பயன் தராது. 2007 இல் இலண்டனில் ஆன்யா ஹைண்ட்மார்ச் வடிவமைத்த, "நான் நெகிழிப் பையல்ல" என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பைகளை வாங்க மக்கள் வரிசையில் நின்றனர். பலர் அதைச் சேகரிப்புப் பொருளாகவே கருதினர். ஒரு பையின் அழகு அதை விரும்பி அடிக்கடி எடுத்துச் செல்லத் தூண்டினால் நன்மை. மற்றொன்றை வாங்கத் தூண்டினால் சுமை.

துணி போலத் தோன்றும் பைகள்

கடைகளில் பல நிறங்களில் கிடைக்கும் நெய்யப்படாத பைகள் துணி என்றே பலராலும் கருதப்படுகின்றன. இவை பொதுவாகப் பாலிபுரோப்பிலீன் என்னும் நெகிழி இழைகளை வெப்பத்தால் ஒட்டிச் செய்யப்படுபவை. தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைகளுள் இவையும் ஒன்று. மெய்யான துணியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி எடுக்கலாம். நெய்யப்படாத பையில் சிறு புள்ளிகளாக அழுத்தப்பட்ட தடங்கள் இருக்கும். நூல் உருவ வராது.

திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியில்

ஒரு கலனைப் பலமுறை பயன்படுத்துவதற்கான கணக்கு தொழிற்சாலைகளில் நாள்தோறும் போடப்படும் ஒன்றாகும். சென்னைக்கு மேற்கே காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய சிப்காட் வளாகங்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998 இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010 இலும், டைம்லர் சரக்குந்து ஆலை 2012 இலும் தொடங்கப்பட்டன.

வாகனத் தொழிலில் உதிரிப்பாகங்கள் அட்டைப்பெட்டிகளில் மட்டும் வருவதில்லை. மீண்டும் பயன்படும் உறுதியான பெட்டிகளிலும் இரும்புச் சட்டங்களிலும் அவை வருகின்றன. வெற்றுப் பெட்டிகள் திரும்பும் வண்டியிலேயே பாகங்கள் செய்யும் ஆலைக்குச் செல்கின்றன. இப்பெட்டி அட்டைப்பெட்டியைவிட விலை மிகுந்தது. பல சுற்றுகள் வந்தால்தான் அதன் விலை ஈடாகும். எனவே பெட்டி தொலையாமல் திரும்புவதே இம்முறையின் உயிர்நாடி. பெட்டிகள் எந்நேரமும் பாகம் செய்யும் இடத்திலோ, வழியிலோ, பொருத்தும் இடத்திலோ இருக்கும் என்பதால், இம்மூன்று இடங்களுக்கும் போதுமான எண்ணிக்கை மட்டும் கணக்கிட்டு வைக்கப்படும். அதற்கு மேல் வைப்பது வீண் முதலீடு.

அதே தொழிற்பகுதியில் வேலை செய்வோரின் அன்றாட வாழ்வில் இம்முறை எளிதில் அமைவதில்லை. பிற மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் வந்த பலர் வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் தங்குகின்றனர். 2024 ஆகத்து மாதத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கத்தக்க குடியிருப்பு திறக்கப்பட்டது. பணிமுறை முடிந்து நிறுவனப் பேருந்திலிருந்து சாலையோரம் இறங்கும் ஒருவர் அங்கேயே காய்கறியோ உணவுப் பொட்டலமோ வாங்குகின்றார். அவருடைய துணிப்பை அப்போது அறையில் இருக்கின்றது. சூடான சாம்பார் மெல்லிய நெகிழி உறையில் கட்டித் தரப்படுவதும் இவ்வேளையில்தான். இங்கு குறைவது அக்கறையன்று. தேவைப்படும் நேரத்தில் கையில் பை இல்லாமையே.

இதன் விளைவு அப்பகுதியோடு நிற்பதில்லை. திருப்பெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஆகிய ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரியைச் சேர்கின்றது. அவ்வேரி சென்னையின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்று. வரத்துக்கால்வாயிலும் மதகிலும் சிக்கும் பைகள் நீரோட்டத்தைத் தடுக்கின்றன. வெயிலில் நொறுங்கி நுண்துகள்களாகி நீரோடு கலக்கின்றன.

வீட்டுப் பயன்பாடு

தொழிற்சாலைப் பெட்டிகளுக்கான கணக்கை வீட்டுக்கும் பொருத்தலாம். ஒருவருக்கு மூன்று பைகள் போதும்: வீட்டு வாயிலருகே ஆணியில் ஒன்று, இருசக்கர வண்டியின் பெட்டியில் ஒன்று, பணிக்கு எடுத்துச் செல்லும் பையினுள் மடித்து ஒன்று. பொருட்களை இறக்கி வைத்தவுடன் பையை அதன் இடத்தில் திரும்ப வைப்பதே முதன்மையான பழக்கமாகும். மீன், இறைச்சி வாங்கத் தனிப் பை வைத்துக்கொள்வது நன்று.

புதிய மஞ்சப்பையின் சாயம் முதல் சில சலவைகளில் இறங்கும். எனவே பிற துணிகளோடு சேர்க்காமல் குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் உலர்த்த வேண்டும். பெரும்பாலும் கைப்பிடி தைக்கப்பட்ட இடமே முதலில் கிழிகின்றது. அவ்விடத்தில் குறுக்குத் தையல் இட்டால் பையின் ஆயுள் நீளும். பழைய புடவை, வேட்டி, கால்சட்டைத் துணி ஆகியவற்றிலிருந்து தைக்கப்படும் பைக்குப் புதிய பருத்தி தேவைப்படாததால் அது மேலும் சிறந்தது. கிழிந்த பை கரித்துணியாகவும், பின்னர் மிதியடியாகவும் பயன்படும்.

உணவகத்தில் சாம்பார், குழம்பு வாங்க எவர்சில்வர் தூக்குவாளியும், மதிய உணவுக்கு அடுக்குக் கேரியரும், பயணத்தில் குடிநீருக்குக் கூசாவும் தமிழ் வீடுகளில் முன்பே வழக்கில் இருந்த மீள்பயன் பொருட்களாகும். இவற்றுக்கும் மஞ்சப்பைக்குரிய கணக்கே பொருந்தும். பல வீடுகளில் இவை பரணிலேயே இருக்கின்றன. புதிதாக ஒன்றை வாங்குவதற்கு முன் அவற்றை இறக்கிப் பயன்படுத்துவதே சூழலுக்கு மிகக் குறைந்த சுமை தருவதாகும்.